புதுப்பிப்பு: 'மீதிங்க்ஸ்' எங்கிருந்து வந்தது

'மீதிங்க்ஸ்' (methinks) என்ற பழைய ஆங்கிலச் சொல் 'ஐ திங்க்' என்பதன் பழைய வடிவம் என்று முதல் பதிவில் எழுதியிருந்தேன். அது தவறு, திருத்துகிறேன்.

பழைய ஆங்கிலத்தில் இரண்டு வினைகள் இருந்தன. 'தெஞ்சன்' என்றால் நினைத்தல், இறந்தகாலம் 'தோஹ்தே'. 'த்யுஞ்சன்' என்றால் தோன்றுதல், இறந்தகாலம் 'தூஹ்தே'. மீதிங்க்ஸ் இரண்டாவதிலிருந்து வந்தது. அதன் 'மீ' நான்காம் வேற்றுமை: 'எனக்குத் தோன்றுகிறது'. தமிழ் அமைப்பே அச்சாக இருப்பதால் நமக்கு இது சட்டென்று பிடிபடும். 'எனக்கு' எழுவாய் அல்ல. அதனால்தான் வினை படர்க்கை ஒருமை விகுதியான 'ஸ்' ஏற்கிறது. 'ஐ மீதிங்க்ஸ்' என்று எழுதுவது பிழை. இறந்தகாலம் 'மீதாட்'.

இடைக்கால ஆங்கிலத்தில் உயிரொலிகள் நெருங்கி, இரு வினைகளும் 'திங்க்' என்ற ஒரே வடிவில் கலந்தன. குழப்பத்தின் வேர் அதுதான். ஜெர்மனில் 'டெங்கன்', 'ட்யூங்கன்' இன்றும் தனித்தனி.

பழைய நூல்களில் தேடுவோர் கவனிக்க: 'த்யுஞ்சன்' என்ற சொல் y-க்குப் பதில் 'இ' (i) உயிருடனும் எழுதப்பட்டிருக்கும், முதலெழுத்து 'th' ஒலிக்கான பழைய எழுத்துகளான தார்ன் (þ), எத் (ð) இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். நான்கு கூட்டுகளையும் தேடுங்கள். இரண்டில் எந்த வினை என்று எழுத்து ஐயம் தந்தால் பக்கத்தில் நான்காம் வேற்றுமைப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். எழுத்தைவிட அதையே நான் நம்புவேன்.