இதய ஏற்பியைத் தூண்டும் எதிர்ப்பொருளுக்கு என்ன பெயர்?

குழுவினருக்கு வணக்கம்.

உடல் தன் சொந்தப் பொருளுக்கே எதிராக உண்டாக்கும் ஆன்டிபாடியை ஆட்டோஆன்டிபாடி என்கிறோம், அதற்குத் 'தன்பிறபொருளெதிரி' என்று இங்கே வந்த பரிந்துரையை என்னால் ஏற்க முடியவில்லை. ஆன்டிபாடியைக் குறிக்கும் பிறபொருளெதிரி என்றாலே வெளியிலிருந்து வந்ததை எதிர்ப்பது, அதன் தலையில் 'தன்' என்று வைத்தால் சொல்லின் ஒரு பாதி மறுபாதியை மறுக்கிறது. ஆன்டிபாடிக்கு எதிர்ப்பொருள் என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, ஆகவே ஆட்டோஆன்டிபாடிக்குத் தன்னெதிர்ப்பொருள் என்று வைத்துக்கொள்வோம். இதில் பெரிய சண்டை வராது என்று நம்புகிறேன்.

சிக்கல் அடுத்த படியில்தான். இதயத்தசை விரிந்து பலவீனமாகும் நோயாளிகளில் ஒரு பகுதியினரின் ரத்தத்தில் பீட்டா-1 ஏற்பியை, அதாவது அட்ரினலினின் செய்தியை வாங்கி இதயச் செல்லுக்குள் அனுப்பும் புரதத்தை, பற்றிக்கொள்ளும் தன்னெதிர்ப்பொருள் காணப்படுகிறது. ஏற்பியில் செல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டாவது வளையத்தில் போய் ஒட்டி, ஏற்பியை முடக்காமல் முடுக்கிவிடுகிறது. அட்ரினலின் வந்தால் வேலையை முடித்துச் சீக்கிரம் விலகிவிடும், இது விலகுவதில்லை, இதயத்தசை ஓய்வில்லாமல் விரட்டப்பட்டு நாளடைவில் சேதமாகிறது. 2004இல் வெளியான எலி ஆய்வில் அந்த வளையத்தின் புரதத்துண்டைச் செலுத்தி எதிர்ப்பொருள் உண்டாக்கியபோது எலிகளின் இதயம் விரிந்தது, அவற்றின் சீரத்தை (எதிர்ப்பொருள் கலந்திருக்கும் ரத்தத் தெளிநீரை) வேறு எலிகளுக்குச் செலுத்தியபோதும் அதே நோய் வந்தது. எதிர்ப்பொருள் நோயின் விளைவு மட்டுமல்ல, காரணமாகவும் இருக்க முடியும் என்பதற்கு இது வலுவான சான்று.

அதனால்தான் 'ஏற்பி எதிர்ப்பொருள்' என்று மொட்டையாக நிறுத்துவது ஆபத்து என்கிறேன். வேலூரில் இதய நோயாளிகளுக்கான கையேடுகளைத் தமிழில் எழுத உதவுகிறேன். குடியாத்தம், ஆரணி, ஆம்பூர்ப் பக்கமிருந்து வருகிறவர்கள் "ஹார்ட் வீங்கியிருக்கு, பம்பிங் கம்மியா இருக்கு" என்று எக்கோ முடிவைத் தெளிவாகவே சொல்வார்கள். அவர்களில் பலர் மெட்டோபுரோலால் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறார்கள், அது இதே பீட்டா ஏற்பியைத் தடுக்கும் மருந்து. எதிர்ப்பொருளும் ஏற்பியை எதிர்க்கிறது என்று எழுதினால், மருந்தும் நோயும் ஒரே வேலையைச் செய்வதாகத்தானே அவர் புரிந்துகொள்வார்? அவரைக் குறை சொல்ல முடியாது, நாம் கொடுத்த சொல் அப்படி.

'இதயத்தூண்டி' என்று சுருக்கலாம் என்றார் ஒரு நண்பர். அதுவும் சரிவராது. இதயத்தில் எம்-2 என்ற மஸ்கரினிக் ஏற்பியும் உண்டு, அதற்கு எதிரான தன்னெதிர்ப்பொருள்களும் சில நோயாளிகளிடம் கண்டறியப்பட்டுள்ளன. அந்த ஏற்பியைத் தூண்டினால் துடிப்பு குறையும்! ஆக, தூண்டப்படுவது ஏற்பி, இதயம் அல்ல. 'இதய எதிர்ப்பொருள்' என்றால் இன்னும் அகன்றுபோகும், மயோசின், ட்ரோபோனின் போன்ற தசைப் புரதங்களுக்கு எதிரானவையும் அதற்குள் வந்துவிடும், அவை ஏற்பிகளே அல்ல.

என் பரிந்துரை: ஏற்பித்தூண்டு தன்னெதிர்ப்பொருள். எந்த ஏற்பி என்பதை முன்னால் சேர்த்துக்கொள்ளலாம், 'பீட்டா-1 ஏற்பித்தூண்டு தன்னெதிர்ப்பொருள்' என்பதுபோல. நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன், ஆனால் தைராய்டு மிகையாகச் சுரக்கும் கிரேவ்ஸ் நோயில் அந்தச் சுரப்பியின் ஏற்பியைத் தூண்டும் தன்னெதிர்ப்பொருளுக்கும் இதே சொல் அப்படியே பொருந்துகிறது. மாறாக ஏற்பியின் வேலையை மறிக்கும் வகைக்கு ஏற்பித்தடை தன்னெதிர்ப்பொருள் என்று இணைச்சொல் கிடைக்கிறது. தசைகள் தளர்ந்துபோகும் மயஸ்தீனியா கிராவிஸ் நோயில் தன்னெதிர்ப்பொருள், நரம்பின் செய்தியைத் தசையில் வாங்கும் அசிட்டைல்கோலின் ஏற்பியை மறிப்பதோடு அழிக்கவும் செய்கிறது என்பதால், அழிப்பதற்குத் தனிச்சொல் வேண்டுமா என்பதை நரம்பியல் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

கையேட்டில் முதல் இடத்தில் மட்டும் 'ஏற்பியைத் தூண்டும் தன்னெதிர்ப்பொருள்' என்று விரித்து எழுதி, அப்புறம் சுருக்கத்தைப் பயன்படுத்த நினைக்கிறேன். 'தூண்டு' பேச்சில் இடறுகிறது என்று தோன்றினால் 'முடுக்கு' போடலாமா? பாடம் நடத்துகிறவர்கள் இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து எழுதுங்கள்.