ஆகஸ்டில் மசாய் மாரா: மூன்று இரவு போதுமா, என்ன லென்ஸ்?

வாவிக்கரையான் (கல்லடி):
வணக்கம். இரண்டு வருடம் சீட்டுக் கட்டிச் சேர்த்த காசில் வருகிற ஆகஸ்டில் கென்யாவின் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்துக்குப் போகிறேன். வில்டபீஸ்ட் (மாடு போன்ற பெரிய ஆபிரிக்க மான்) கூட்டம் மாரா ஆற்றைக் கடப்பதைப் படம் எடுக்க வேண்டும், பள்ளிக்கூடக் காலத்து ஆசை அது. கையில் இருப்பது கிராப் சென்சர் கமராவும் 70-300 லென்ஸும்தான், இதுவரை எடுத்ததெல்லாம் மட்டக்களப்பு வாவியில் கொக்கும் நீர்க்காகமும். பயண முகவர் மூன்று இரவு போதும் என்கிறார். இன்னும் தூரத்தை இழுக்கும் 600 லென்ஸ் வாடகைக்கு எடுக்கவா?

பொத்துவில்காரன்:
தம்பி, மூன்று இரவு போதாது. நான் போனபோது கரையில் ஆயிரக்கணக்கில் வந்து நின்றன, நான்கு மணித்தியாலம் ஜீப்பிலேயே காத்திருந்தோம், முன்னால் நின்ற ஒன்று தண்ணீரில் வாய் வைத்துவிட்டுத் திரும்பியது, அவ்வளவுதான், முழுக் கூட்டமும் அதன் பின்னால் போய்விட்டது. மறுநாள் ஆற்றைக் கடக்கும் வேறோர் இடத்தில் பத்து நிமிடத்தில் இறங்கிவிட்டன. லென்ஸ் வாடகைக் காசை இன்னும் இரண்டு இரவுக்குக் கொடுங்கள். கிராப் கமராவில் சென்சர் சிறிது என்பதால் உங்கள் 300, ஏறக்குறைய 450 லென்ஸ் போல எட்டும், ஆற்றுக்கு அது தாராளம். தூசி கிளம்பச் சரிவில் கூட்டமாய் இறங்குவதை எடுக்க எனக்கு லென்ஸின் அகலமான 70 முனைதான் கூட உதவியது. ஷட்டர் வேகம் 1/1000 செக்கனுக்குக் கீழே போக வேண்டாம். வெளியில் லென்ஸைக் கழற்றவே கழற்றாதீர்கள்.

இன்னொன்று, இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். முன்னால் வருபவை தண்ணீரில் இறங்கும்வரை ஜீப்பைப் பின்னுக்கு நிறுத்தச் சொல்லி ஓட்டுநரிடம் முதல் நாளே கதைத்துவிடுங்கள். வழியை மறித்தால் செங்குத்தான இடத்தில் குதித்துக் கால் முறிந்து போகும், அந்தப் படம் நமக்கு வேண்டாம்.

மலர் (அம்பாறை):
ஆறு மட்டும்தான் என்றில்லை தம்பி. பெப்ரவரியில் இதே கூட்டம் தான்சானியாவில் செரெங்கெட்டியின் தெற்கே, நிடுட்டுப் பக்கம் குட்டி ஈனும். பிறந்த குட்டி சில நிமிடத்திலேயே எழுந்து நிற்கும். நான் கேட்டால் அதைத்தான் சொல்வேன், ஆனால் ஆகஸ்ட் முடிவாகிவிட்டது என்றால் சரி, அதற்கு முன் ஜூலையில் பொத்துவிலுக்குப் பக்கத்து லகுகலைக் காட்டுக்குப் போய் வாருங்கள். குளம் வற்றிப் புல் தெரியும்போது மாலையில் யானைகள் மேய வரும், வாகனத்துக்குள் இருந்தபடி மங்கல் வெளிச்சத்தில் எடுத்துப் பழகலாம். துணிப்பை ஒன்று தைத்துக் கொண்டுபோய் கென்யாவில் அரிசி வாங்கி நிரப்பி ஜன்னலில் வைத்தால் லென்ஸ் ஆடாது, ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம்.

அப்புறம், மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் பயணத்துக்கு 10 நாளுக்கு முன்பே போட்டுவிடுங்கள், திரும்பி வரும்போது இங்கே அந்த அட்டை வேண்டும். மாராவுக்குச் சின்ன விமானத்தில் போவதென்றால் பொதி 15 கிலோதான், பை மெத்தென்று இருக்க வேண்டும். பொலித்தீன் பை கென்யாவில் 2017இலிருந்து தடை, கமராவைத் துணியில் சுற்றுங்கள்.

வாவிக்கரையான்:
பெரிய உதவி அண்ணா, மலர் அக்கா. முகவரிடம் ஐந்து இரவு கேட்டிருக்கிறேன், லென்ஸ் வாடகைக்கு எடுக்கவில்லை. பை தைக்க அம்மாவிடம் துணி கொடுத்தாயிற்று. லகுகலையில் யானைகள் எந்தப் பக்கம் அதிகம் வரும் என்று பொத்துவில் அண்ணா கொஞ்சம் சொல்லுங்கள்.