சிக்வின், கிட் பேஷ், விஷுவல் சி++ மூன்றும் ஒரே விண்டோஸில்: பாத் வரிசையை எப்படி அமைப்பது?

வைட்ஃபீல்டுவாசி:
வணக்கம். பெங்களூரில் நான் பணிபுரியும் அலுவலகம் கொடுத்த விண்டோஸ் 11 மடிக்கணினியில், பழைய பில்டு ஸ்கிரிப்டுகளுக்காகச் சிக்வினும் (யுனிக்ஸ் கட்டளைகளை விண்டோஸில் தரும் தொகுப்பு), அதனுடன் கிட் ஃபார் விண்டோஸும் (கிட் பேஷ் இதனுடன் வருவது) விஷுவல் சி++ கம்பைலரும் உள்ளன. சாதாரணக் கட்டளைச் சாளரத்தில் பில்டை நடத்தும் மேக் கட்டளையை ஓட்டினால், ஃபைண்ட் கட்டளை அளவுருவின் வடிவம் தவறு என்று சொல்லி நின்றுவிடுகிறது. விஷுவல் சி++-இன் டெவலப்பர் சாளரத்திலிருந்து சிக்வினின் கட்டளை ஷெல்லான பேஷைத் திறந்து ஓட்டினால் ஃபைண்ட் ஒழுங்காக இயங்குகிறது. ஆனால் பில்டு கடைசிக் கட்டத்தில் 'லிங்க்: எக்ஸ்ட்ரா ஆப்பரண்ட்' என்ற பிழையோடு விழுகிறது. பாத்தில், அதாவது நிரல்களைத் தேடும் கோப்புறைகளின் பட்டியலில், வரிசையை எப்படி மாற்றினாலும் ஏதோ ஒன்று உடைகிறது. சரியான வரிசை என்று ஒன்று உண்டா?

அல்சூர்க்காரன்:
இல்லை, நண்பரே. ஒரே பெயரில் இரண்டு நிரல்கள் இருக்கும்வரை எந்த வரிசையும் பாதிப் பேருக்குத்தான் பொருந்தும். சிஸ்டம்32 கோப்புறையில் டாஸ் காலத்திலிருந்தே வரும் ஃபைண்டும் சார்ட்டும் இருக்கின்றன. சிக்வினில் உள்ள குனு ஃபைண்டுக்கும் அந்த ஃபைண்டுக்கும் பெயரைத் தவிர வேறு உறவில்லை. லிங்க்கின் கதையும் அதுவே. சிக்வினில் உள்ள லிங்க், ஒரு கோப்புக்கு ஹார்டு லிங்க் (அதே கோப்புக்கு இன்னொரு பெயர்) உருவாக்கும் சிறு கட்டளை. இரண்டு பெயர்களுக்கு மேல் கொடுத்தால் நீங்கள் கண்ட பிழையைத்தான் சொல்லும். பேஷ் லாகின் ஷெல்லாகத் தொடங்கும்போது தன் கோப்புறைகளைப் பாத்தின் முன்னால் வைத்துக்கொள்வதால், நிரலின் துண்டுகளை இணைக்கும், அதே பெயருள்ள மைக்ரோசாஃப்ட்டின் லிங்க்கர் பின்னுக்குப் போய்விடுகிறது.

ஆகவே சிக்வினை விண்டோஸின் பொதுப் பாத்திலிருந்து முழுவதுமாக நீக்கிவிடுங்கள். அது தன் பேஷுக்குள் மட்டும் வாழட்டும். மேக்கையும் அங்கிருந்தே ஓட்டுங்கள். விஷுவல் சி++ கம்பைலரின் சிஎல் என்ற பெயருக்குப் போட்டியில்லை. லிங்க்கரும் அது இருக்கும் கோப்புறையிலேயே இருப்பதால், ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் சிஎல் எங்கே இருக்கிறது என்று கேட்டு, அந்தக் கோப்புறையைப் பாத்தின் முதலிடத்தில் சேர்த்தால் போதும். சிக்வினின் லிங்க்குக்கு வேறு பெயர் வைக்கச் சிலர் சொல்வார்கள். அடுத்த அப்டேட்டில் அது திரும்பி வந்துவிடும். கிட் நிறுவும்போது பாத் பற்றிக் கேட்கும் மூன்று தெரிவுகளில் நடுவில் உள்ளதே நல்லது. மூன்றாவது யுனிக்ஸ் கருவிகள் அனைத்தையும் பொதுப் பாத்தில் கொட்டிவிடும், அதை அந்தத் திரையே எச்சரிக்கிறது.

எந்த நிரல் அழைக்கப்படுகிறது என்பதைப் பேஷில் 'டைப் -ஏ' காட்டும். பவர்ஷெல்லில் 'வேர்' என்று மட்டும் அடித்தால் வேறொரு கட்டளை ஓடும், 'வேர்.எக்ஸி' என்று முழுப் பெயரையும் அடியுங்கள்.

பனசங்கரி:
ஒன்று சேர்க்கிறேன். கிட் பேஷ், சிக்வினிலிருந்து கிளைத்த எம்சிஸ்2 என்ற தொகுப்பின் மேல் நிற்பது. இரண்டின் டிஎல்எல்களும் (நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் நூலகக் கோப்புகள்) வேறு என்பதால் அவை அருகருகே இருப்பதில் தவறில்லை. ஆனால் சிக்வின்1.டிஎல்எல் வெவ்வேறு பதிப்புகளில் இரண்டு இடங்களில் இருந்தால் நிரல்கள் காரணம் புரியாமல் விழும். பழைய கிராஸ் கம்பைலர் (வேறு வகைக் கணினிக்கான நிரலை உருவாக்கும் கருவி) தொகுப்புகள் அதை உள்ளே வைத்துக்கொண்டு வருவதுண்டு, தேடிப் பாருங்கள்.

மேலும், கிட் பேஷிலிருந்து சிஎல்லை அழைத்தால், சாய்கோட்டில் தொடங்கும் '/நோலோகோ' போன்ற தெரிவை அது கோப்புப் பாதை என்று எண்ணி, கிட் நிறுவப்பட்ட கோப்புறையின் பெயரை முன்னால் ஒட்டிவிடும். சாய்கோட்டுக்குப் பதிலாகச் சிறுகோடு இடுங்கள். சிஎல் அதையும் ஏற்கும். சிக்வின் பேஷில் இந்த மாற்றம் நிகழ்வதில்லை.

வைட்ஃபீல்டுவாசி:
இருவருக்கும் நன்றி. சிஎல் கோப்புறையை முன்னால் சேர்த்ததும் பில்டு, லிங்க் பிழையில் நின்ற இடத்தைத் தாண்டிவிட்டது. இவ்வளவுக்குப் பதிலாக, விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல்லுக்கே மாறிவிடலாமா?

அல்சூர்க்காரன்:
உங்கள் பில்டின் விளைவு விண்டோஸ் நிரல் என்பதால் வேண்டாம் என்பேன். டபிள்யூஎஸ்எல் 2-இல் ஓடுவது உண்மையான லினக்ஸ் கெர்னல். லினக்ஸுக்கு எழுதுபவருக்கு அது வரம். ஆனால் சி டிரைவில் உள்ள மூலக்கோப்புகளை அங்கிருந்து தொட்டால், கோப்புகள் பெருகப் பெருக வேகம் தேய்ந்துவிடும். பின்னாளில் அதை நிறுவினால் ஒன்றைக் கவனியுங்கள்: சிஸ்டம்32-இல் உள்ள பேஷ்.எக்ஸி டபிள்யூஎஸ்எல்லின் வாசல். விண்டோஸ் சாளரத்தில் ஓடும் ஸ்கிரிப்ட் வெறுமனே பேஷ் என்று அழைத்தால் சிக்வினுக்குப் பதிலாக அங்கே போய்விடக்கூடும். ஆகவே ஸ்கிரிப்டுகளில் பேஷின் முழுப் பாதையை இப்போதே எழுதிவிடுங்கள்.