ஏலக்காய் வாடிக்கையாளர்களுக்கு வாராந்திர மெயில்: ஸ்பேமுக்குப் போகிறது, பதிலும் இல்லை

போடி_மலையடி:
போடியில் ஏலக்காய் மொத்த வியாபாரம். கேரளாவிலும் வடக்கேயும் சேர்த்து 320 வாடிக்கையாளர்கள். வாராவாரம் விலையை போஸ்டராகச் செய்து, ஜிமெயிலில் எல்லோரையும் பிசிசியில் (ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாத நகல்) போட்டு அனுப்புகிறோம். நிறையப் பேர் "ஸ்பேமில் கிடந்தது" என்கிறார்கள். மற்றவர்களிடமிருந்து பதிலே இல்லை. எங்கே சரி செய்வது?

குமுளி_ரோடு:
முதலில் பிசிசியை நிறுத்துங்கள் அண்ணே. இலவச ஜிமெயிலில் 24 மணி நேரத்துக்கு 500 பேர்தான் வரம்பு. அதைவிடப் பெரிய சிக்கல், பட்டியலிலிருந்து விலக வாசகருக்கு வழி இல்லாதது. வேண்டாம் என்பவர் ஸ்பேம் பொத்தானைத்தான் அமுக்குவார். அப்படி வரும் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது என்பது 2024 பிப்ரவரி முதல் கூகுளின் விதி. உங்கள் 320 பேரில் ஒருவர் அமுக்கினாலே 0.31 ஆகிவிடும். அதனால் விலகும் லிங்க்கை ஒளித்து வைக்காதீர்கள், மேலேயே இருக்கட்டும்.

சொந்த டொமைன் (உங்கள் கம்பெனி பெயரிலான இணைய முகவரி) மெயிலிலிருந்து, நியூஸ்லெட்டர் சேவை (பட்டியலுக்கு மொத்தமாக மெயில் அனுப்பித் தருவது) வழியாக அனுப்புங்கள். அனுப்புநராக ஜிமெயில் முகவரியையே வைத்தால் டிமார்க் சோதனையில் (அனுப்புநர் முகவரி உண்மையானதா என்று பார்ப்பது) தேறாது. டிஎன்எஸ்ஸில், அதாவது டொமைனின் பதிவேட்டில், மூன்று ரெக்கார்டு வேண்டும்: எஸ்பிஎஃப் (உங்கள் பெயரில் யார் அனுப்பலாம் என்ற பட்டியல்), டிகிம் (மெயிலில் போடும் டிஜிட்டல் கையொப்பம்), டிமார்க் (இவற்றில் தேறாத மெயிலை என்ன செய்வது என்ற உத்தரவு). பலர் சறுக்குவது எஸ்பிஎஃப்பில்: ஆபீஸ் மெயிலுக்கு ஒரு ரெக்கார்டு ஏற்கெனவே இருக்கும், புது சேவைக்கு இன்னொன்று சேர்த்துவிடுவார்கள். ஒரு டொமைனுக்கு ஒன்றுதான். இரண்டு இருந்தால் இரண்டும் செல்லாது. இரு சேவைகளையும் ஒரே வரிக்குள் சேருங்கள். டிமார்க்கை வெறும் கண்காணிப்பு நிலையில் தொடங்கி, சில வாரம் அறிக்கைகளைப் பார்த்து, உங்கள் பில் மெயில்களும் தேறுகின்றன என்று தெரிந்தபின் இறுக்கலாம்.

வண்டன்மேடு_வழி:
பதில் வராததற்கு போஸ்டரே காரணமாக இருக்கலாம். அவுட்லுக்கில் படம் பல நேரம் தானாகத் திறக்காது, வாங்குபவர் வெற்றுக் கட்டத்தைத்தான் பார்ப்பார். விலையை எழுத்தாகவே கொடுங்கள்: சைஸ், லிட்டர் வெயிட் (ஒரு லிட்டர் அளவு காயின் எடை), ஈரப்பதம், எத்தனை மூட்டை கையில் இருக்கிறது, விலை எந்த நாள் எத்தனை மணி வரை செல்லும். வாங்குபவர் முடிவெடுப்பது இந்த ஐந்தை வைத்துத்தான். கம்பெனி வரலாறு, பண்டிகை வாழ்த்து எல்லாம் அதற்குக் கீழே.

தலைப்பில் சைஸும் தேதியும் முதலில் வரட்டும்; போனில் 35, 40 எழுத்துக்கு மேல் தெரியாது. போடியிலும் கேரளாவின் புற்றடியிலும் ஸ்பைசஸ் போர்டு மின்னணு ஏலம் முடிந்த அன்றே அனுப்புங்கள். இரண்டு நாள் கழித்துப் போகும் விலை யாருக்கும் உதவாது.

கோட்டயம், எர்ணாகுளம் பக்கம் மலையாளத்தில் அனுப்புவதானால் மெஷின் மொழிபெயர்ப்பை நம்பி அப்படியே விடாதீர்கள். நமக்கு ஏலம் என்றால் சரக்கும்தான், கூவி விற்பதும்தான். அவர்களுக்கு ஏலம் சரக்கு மட்டும், விற்பது லேலம். இது மாறினால் வாக்கியமே தலைகீழ்.

போடி_மலையடி:
விலையை எல்லோருக்கும் எழுத்தில் கொடுத்தால் போட்டிக் கடைக்குப் போய்விடாதா?

வண்டன்மேடு_வழி:
போஸ்டரும் அப்படித்தான் போய்க்கொண்டிருக்கும். மெயிலில் சைஸ்வாரியாக, இந்த விலையிலிருந்து இந்த விலைக்குள் என்று மட்டும் போடுங்கள். குறிப்பிட்ட லாட்டின் (ஒரு தொகுதிச் சரக்கின்) விலை கேட்டு எழுதுபவருக்குத் தனியாக. அதற்கு, பதில் போகும் முகவரியில் ஆள் இருக்க வேண்டும். "நோ-ரிப்ளை" வைத்தால் வியாபாரமே வராது.

குமுளி_ரோடு:
எத்தனை பேர் திறந்தார்கள் என்ற கணக்கை நம்பாதீர்கள், அது மெயிலில் உள்ள படம் இறங்குவதை வைத்துப் போடுவது. 2021இல் ஆப்பிள் கொண்டுவந்த மெயில் பாதுகாப்பில், ஆள் திறக்காமலே படங்கள் இறங்கிவிடும். அதுவும் திறந்ததாகவே பதிவாகும். வந்த பதில்களையும் ஆர்டர்களையும் எண்ணுங்கள். இல்லாத முகவரி என்று திரும்பி வந்ததை அன்றே நீக்குங்கள். கண்காட்சியில் வாங்கிய விசிட்டிங் கார்டு முகவரிகளைக் கேட்காமல் சேர்க்க வேண்டாம், புகார் பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும்.

இன்னொன்று: மெயிலின் அளவு 102 கேபி தாண்டினால் ஜிமெயில் மீதியை வெட்டி மறைத்துவிடும். தமிழ், மலையாள எழுத்து ஒவ்வொன்றும் குறைந்தது 3 பைட். ஆகவே இரண்டு மொழிகளையும் ஒரே மெயிலில் அடைக்காமல் பட்டியலையே இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.