மறுமொழி: கேம்பாய்க் கருவிகளில் ‘பேங்க்’ என்பதற்குப் ‘பாத்தி’ என்று வைக்கலாமா?

எல்லோருக்கும் வணக்கமுங்க.

கேம்பாய் என்ற நின்டெண்டோவின் கையடக்க விளையாட்டுப் பெட்டிக்குச் சொந்தமாக விளையாட்டு எழுதுகிறவர்களின் கருவிகளில் பிழைச்செய்திகளைத் தமிழாக்கும் வேலை ‘பேங்க்’ என்ற சொல்லில் வந்து நிற்கிறது. ஈரோட்டு அண்ணன் ‘தொகுதி’ போதும் என்கிறார். கோபி அக்கா ‘மடைமாற்றம்’ கேட்கிறார். என் பரிந்துரை ‘பாத்தி’.

1989-இல் வந்த கேம்பாயின் செயலிக்கு 65,536 முகவரிகள்தான் தெரியும். அதில், விளையாட்டு பதிந்திருக்கும் நினைவகமான கேசட்டின் ரோமுக்குக் கிடைப்பது 32 கிலோபைட். விளையாட்டு அதைவிடப் பெரிதானால் ரோமை 16 கிலோபைட் துண்டுகளாகப் பிரிக்கிறோம். இந்தத் துண்டுதான் ‘பேங்க்’. முதல் துண்டு வழக்கமாக மாறாமல் இருக்கும். 16,384 முதல் 32,767 வரையான முகவரிகளில் மற்றவற்றில் ஏதேனும் ஒன்றுதான் ஒரு நேரத்தில் தெரியும். எது தெரியவேண்டும் என்பதைக் கேசட்டுக்குள் இருந்து துண்டுகளை மாற்றித்தரும் எம்பிசி சில்லுக்கு ஓர் எண்ணாக எழுதிச் சொல்கிறோம். அந்தச் சில்லில் எம்பிசி5 வகை என்றால் 512 துண்டுகள், அதாவது 8 மெகாபைட் வரை போகலாம்.

வெங்காயத்துக்குத் தண்ணி கட்டியவர்களுக்கு இது உடனே பிடிபடும். தோட்டத்தில் எல்லாப் பாத்தியும் இருக்கிறது, தண்ணீர் பாய்வது மடை திறந்த பாத்தியில்தான்.

‘தொகுதி’யை ஏற்கெனவே மாட்யூலுக்கும் பிளாக்குக்கும் எழுதிவருகிறோம். மூன்றாவதாக இன்னொரு பொருள் ஏற்றினால் பிழைச்செய்தி குழப்பும். ‘மடைமாற்றம்’ அழகான சொல், ஆனால் அது செயலைச் சொல்கிறது, துண்டுக்குப் பெயர் தரவில்லை. அதோடு நிதியை வேறு பக்கம் திருப்புவதற்கு அந்தச் சொல் பத்திரிகைகளில் வேரூன்றிவிட்டது.

புதிதாக வரும் பிள்ளைகளை நினைத்துத்தான் இவ்வளவு வலியுறுத்துகிறேன். அவர்களை அதிகம் அலைக்கழிக்கும் பிழை, வேறு பாத்தியில் இருக்கும் நிரலைப் பாத்தி மாற்றாமலே அழைப்பது. செயலி ஒன்றும் சொல்லாது. அந்த முகவரியில் அப்போது எந்த பைட்டுகள் தெரிகின்றனவோ அவற்றையே கட்டளையாக எடுத்து ஓட்டும், அவை படத்துக்கான தரவாக இருந்தாலும் சரி. திரை சிதறும், காரணம் புரியாது. பாதியில் விட்டுப்போகிறவர்கள் பலர் இந்த இடத்தில்தான் விடுகிறார்கள். ‘எதிரி_நகர்வு 3-ஆம் பாத்தியில் உள்ளது, அழைப்பு 2-ஆம் பாத்தியிலிருந்து வருகிறது’ என்று கருவியே எச்சரித்தால், படித்த மாத்திரத்தில் எங்கே கை வைக்கவேண்டும் என்று தெரிந்துவிடும்.

கிளைச்சொற்களும் சிரமமில்லாமல் வருகின்றன: பாத்தி எண், பாத்திமாற்றி, மாறாத முதல் துண்டுக்கு நிலைப்பாத்தி. குறுக்கீடு (இன்டரப்ட்) வந்தால் ஓடும் நிரல் நிலைப்பாத்தியில் இருக்கவேண்டும் என்ற விதியைக்கூட ஒரே வரியில் எழுதிவிடலாம். கொங்குநாட்டுக்கு வெளியே புரியுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். வீட்டுக்குப் பின்னால் கீரை போட்ட யாருக்கும் புரியும்.

மாற்றுக் கருத்து இருந்தால் இந்த வாரத்துக்குள் எழுதுங்கள். இல்லையென்றால் ஆர்ஜிபிடிஎஸ் என்ற கருவித்தொகுப்பின் இணைப்பி (லிங்கர்) தரும் செய்திகளில் ‘பாத்தி’யைப் போட்டுத் தொடங்குகிறேன். இன்னொரு கருவித்தொகுப்பான ஜிபிடிகேயின் கையேடு அப்புறம்.