மேல்மாடி அறையில் 5090: சென்னை வெயிலுக்குத் தண்ணீர்க் குளிர்விப்பு அவசியமா?

மாடியறை:

அனைவருக்கும் வணக்கம். மடிப்பாக்கத்தில் இரண்டாம் மாடியில் குடியிருக்கிறேன். என் அறைக்கு நேர்மேலே மொட்டை மாடி. மேற்குப் பார்த்த சுவர் மாலை நான்கு மணிக்குக் கை வைத்தால் சுடும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, அதில் ஒரு டன் ஏசி. மூன்று ஆண்டுகளாகச் சேர்த்த பணத்தில், என்னிடம் இருக்கும் 4கே 144 ஹெர்ட்ஸ் திரைக்கு ஈடுகொடுக்கும் விளையாட்டுக் கணினி ஒன்றைப் பாகம் பாகமாக வாங்கி என் கையாலேயே பூட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. விளையாடுவது பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2024, இடையிடையே சைபர்பங்க் 2077.

ரைசன் 7 9800எக்ஸ்3டி செயலி, ஆர்டிஎக்ஸ் 5090 கிராபிக்ஸ் கார்டு, எக்ஸ்870இ மதர்போர்டு, 16 ஜிபி வீதம் நான்கு ரேம், 850 வாட் எஸ்எம்பிஎஸ் (மின்வழங்கிப் பெட்டி) என்று பட்டியல் போட்டிருக்கிறேன். நான் விசாரித்த கடையில், "சென்னை வெயிலுக்குக் காற்றுக் குளிர்விப்பு எடுபடாது, செயலிக்கும் கார்டுக்கும் சேர்த்துக் கண்ணாடிக் குழாய் போட்டுத் தண்ணீரைச் சுற்றவிடும் கஸ்டம் லூப் செய்துவிடுங்கள்" என்றார்கள். அதற்குக் கேட்கும் தொகையில் நடுத்தரக் கார்டு ஒன்றை வாங்கிவிடலாம். பணம் போனாலும் பரவாயில்லை, கத்திரி வெயிலில் கணினி சூடாகி நின்றுவிடக் கூடாது என்பதே என் கவலை. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

வெப்பக்கணக்கு:

வணக்கம் நண்பரே. முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். காற்றானாலும் தண்ணீரானாலும் குளிர்விப்பான் வெப்பத்தை அழிப்பதில்லை. சில்லில் பிறக்கும் சூட்டை அள்ளிக்கொண்டுபோய் அறைக் காற்றில் கொட்டுகிறது. ஆகவே எந்தக் குளிர்விப்பானாலும் அறை வெப்பநிலைக்குக் கீழே இறங்க முடியாது. அறை 25 டிகிரியில் இருக்கும்போது 70 டிகிரியில் நிற்கும் கார்டு, அறை 35 டிகிரிக்குப் போனால், விசிறி வேகம் மாறாத நிலையில், ஏறத்தாழ 80 டிகிரியில் நிற்கும். லட்ச ரூபாய்க்கு லூப் போட்டாலும் அந்தப் பத்து டிகிரி கூடவே வரும்.

இப்போது உங்கள் அறையின் கணக்கைப் பாருங்கள். 5090 கார்டின் மின்வரம்பு 575 வாட். 9800எக்ஸ்3டி செயலியின் பெட்டியில் 120 வாட் என்று போட்டிருந்தாலும், விளையாட்டுகளில் பெரும்பாலும் 60 முதல் 90 வாட்டுக்குள்தான் இழுக்கும். மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, விசிறிகள் எல்லாம் சேர்த்து, எஸ்எம்பிஎஸ்ஸின் இழப்பையும் கூட்டினால், சுவரிலிருந்து சுமார் 800 வாட். அத்தனையும் கடைசியில் வெப்பமாகவே அறையில் இறங்கும். பத்தடி உயரம் என்று வைத்துக்கொண்டால் உங்கள் அறையில் உள்ள காற்று நாற்பது கிலோ அளவுதான். சுவர்கள் எதையும் உறிஞ்சவில்லை என்று கொண்டால், 800 வாட் அந்தக் காற்றை நிமிடத்துக்கு ஒரு டிகிரிக்குச் சற்று மேலாகவே சூடேற்றும். சுவர்கள் உறிஞ்சும், உண்மைதான். ஆனால் உங்கள் மேற்குச் சுவர் மாலையில் உறிஞ்சும் நிலையில் இல்லை, அதுவே வெப்பத்தை உள்ளே தள்ளிக்கொண்டிருக்கிறது.

ஒரு டன் ஏசி என்பது சுமார் 3,500 வாட் வெப்பத்தை வெளியேற்றும் திறன். அதில் கால்வாசிக்கு அருகில் உங்கள் கணினியே எடுத்துக்கொள்ளும். எனவே லூப்புக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை எடுத்து மொட்டை மாடித் தளத்துக்கு வெள்ளை வெப்பத்தடுப்புப் பூச்சு அடியுங்கள் என்பதே என் முதல் யோசனை. கணினிக் கேள்விக்குப் பெயிண்ட் விடையா என்று தோன்றலாம். ஆனால் அறை குளிர்ந்தால் கார்டு, செயலி, எஸ்எஸ்டி, ரேம், உட்கார்ந்திருக்கும் நீங்கள் என எல்லாமே குளிரும். வேறெந்தப் பாகத்தை வாங்கினாலும் இந்தப் பலன் கிடைக்காது.

இரண்டாவது யோசனை, அதே வரிசையில் ஒரு படி கீழே உள்ள 5080 கார்டு போதுமா என்று ஒருமுறை யோசியுங்கள். அது 360 வாட்தான். அறிமுகமானபோது இந்தியாவுக்கு அறிவிக்கப்பட்ட விலையும் 1,07,000 ரூபாய், 5090க்கு 2,14,000. கடைகளில் இரண்டுமே அதற்கு மேல் என்பது வேறு. நாளுக்கு நான்கு மணி நேரம் விளையாடினால் 800 வாட் கணினி இரண்டு மாத பில்லில் 192 யூனிட்டைச் சேர்க்கும். அது கக்கும் வெப்பத்தை வெளியேற்ற ஏசி இழுப்பது தனி.

செம்புக்குழாய்:

நான்கு ஆண்டுகள் கஸ்டம் லூப் வைத்திருந்து, சென்ற ஆண்டு முழுவதையும் கழற்றிவிட்டவன் என்ற முறையில் எழுதுகிறேன். வெப்பக்கணக்கு ஐயா சொன்ன அறைக் கணக்கை ஏற்கிறேன். 5080 யோசனையை மட்டும் ஏற்க இயலவில்லை.

முதலில் லூப். அதன் உண்மையான பயன் அமைதி. தண்ணீரின் சூட்டைக் காற்றில் விடும் பெரிய ரேடியேட்டர்களில் விசிறிகள் மெதுவாகச் சுற்றினாலே போதும், கார்டும் காற்றில் நிற்பதைவிடப் பல டிகிரி கீழே நிற்கும். அதற்குக் கொடுக்கும் விலை பராமரிப்பு. ஆண்டுக்கு ஒருமுறை திரவத்தை வடித்து, உள்ளே கழுவி, மறுபடி நிரப்ப வேண்டும். பால்போலத் தெரியும் வண்ணத் திரவங்கள் செயலித் தகட்டின் மெல்லிய பள்ளங்களில் படிந்து அடைத்துக்கொள்ளும். செம்புத் தகடும் அலுமினிய ரேடியேட்டரும் ஒரே லூப்பில் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கப்பட்டுவிடும். எனக்கு நேர்ந்தது வேறு: முழங்கை இணைப்பு ஒன்றின் ரப்பர் வளையம் இறுகிப்போய், இரவெல்லாம் சொட்டு சொட்டாகக் கசிந்து, காலையில் பார்த்தபோது கார்டின் முதுகுத் தகட்டில் ஒரு ரூபாய் நாணய அளவுக்குத் திரவம் தேங்கியிருந்தது. கணினி அணைந்திருந்ததால் கார்டு பிழைத்தது. உங்களுக்குச் சொல்லப்பட்ட "கண்ணாடிக் குழாய்" பெரும்பாலும் பிஇடிஜி பிளாஸ்டிக்காகவே இருக்கும். திரவம் 60 டிகிரியை எட்டினால் அது இளகத் தொடங்கும். அறையே 38 டிகிரியில் இருந்து, விசிறி ஒன்றும் நின்றுபோனால் அந்த எல்லை வெகு தூரத்தில் இல்லை. முதன்முறை பூட்டுபவருக்கு, அதுவும் மேல்மாடி அறைக்கு, நான் லூப்பைப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆனால் 5090 வேண்டும் என்றால் வாங்குங்கள். ஏன் என்று சொல்கிறேன். அதில் 21,760 கூடா கருக்கள் (கார்டின் கணக்கிடும் சிற்றலகுகள்), 5080இல் 10,752. நினைவகமும் 32 ஜிபிக்கு எதிராக 16 ஜிபி. 4கேயில் எல்லா அமைப்புகளையும் உச்சத்தில் வைத்து ஃப்ளைட் சிமுலேட்டர் ஓட்டுபவருக்கு அந்த வேறுபாடு பெரிது. சில்லு இழுக்கும் மின்சாரம் மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், கடைசிச் சில விழுக்காட்டு வேகத்துக்காகவே கார்டு ஏராளமாக எரிக்கிறது. ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் மின்வரம்பை 80 விழுக்காட்டுக்கு இறக்குங்கள்: 575 வாட் 460 ஆகும், வேகத்தில் இழப்பதோ திரையின் மூலையில் ஓடும் எண்ணைப் பார்த்தால்தான் தெரியும். கூடவே ஃபிரேம் வேகத்தை 120க்குக் கட்டிவைத்தால், ஆட்டம் லேசாகும் இடங்களில் வாட் இன்னும் சரியும். பெரிய கார்டை நிதானமாக ஓட்டுவது சிறிய கார்டை முழு மூச்சாக ஓட்டுவதைவிட நல்லது என்பது என் துணிபு.

எர்த்பின்:

பெரியவர்கள் இருவரும் வெப்பத்தைச் சொல்லிவிட்டார்கள். நான் மின்சாரத்தைச் சொல்கிறேன். இந்தப் பட்டியலில் எனக்கு அச்சம் தருவது அதுதான்.

850 வாட் எஸ்எம்பிஎஸ்ஸை 5090க்குப் போடாதீர்கள். என்விடியாவே இந்தக் கார்டுக்கு 1000 வாட்டைப் பரிந்துரைக்கிறது. 850 என்பது 5080க்கான அளவு. கார்டு கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாகத் தன் வரம்புக்கு மிகவும் மேலே எகிறி இறங்கும். அந்த எகிறலைத் தாங்கும்படி வகுக்கப்பட்டதே ஏடிஎக்ஸ் 3.0, 3.1 தரம், ஆகவே ஏடிஎக்ஸ் 3.1 என்று குறிப்பிட்ட 1000 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்றை எடுங்கள்.

அடுத்தது, கார்டுக்கு மின்சாரம் கொண்டுவரும் 12வி-2எக்ஸ்6 இணைப்பு. அதன் உச்ச அளவான 600 வாட்டை 12 வோல்ட்டால் வகுத்தால் 50 ஆம்பியர். அதை ஆறு பின்கள் பகிர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் 8.3 ஆம்பியருக்கு மேல். ஒரு பின் தாங்குவதாகச் சொல்லப்படுவதே 9.5 ஆம்பியர் அளவுதான். ஒரே ஒரு பின் சரியாகத் தொடாமல் போனாலும் மற்ற ஐந்தும் எல்லையைத் தாண்டிவிடும். 2022இல் 4090 கார்டுகளின் இணைப்பு உருகிய செய்திகள் நினைவிருக்கும். அதற்குப் பிறகுதான் உணர் பின்களை (பிளக் முழுதாகச் செருகப்பட்டதைக் கார்டுக்கு உணர்த்துபவை) குட்டையாக்கி இந்தப் புதிய வடிவம் வந்தது. செருகும்போது "க்ளிக்" ஒலியை நம்பாதீர்கள், சில பிளக்குகளில் அது கேட்பதே இல்லை. கைபேசி விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள்: பிளக்கின் விளிம்புக்கும் கார்டின் சாக்கெட்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளிகூடத் தெரியக்கூடாது. பிளக்கிலிருந்து முதல் 35 மில்லிமீட்டர் தூரத்துக்கு ஒயரை வளைக்காதீர்கள். கேபினெட்டின் கண்ணாடிக் கதவு ஒயரை அழுத்துகிறதா என்பதையும் வாங்குவதற்கு முன்பே அளந்துவிடுங்கள்.

யூபிஎஸ் இருக்கிறதா? கடைகளில் அதிகம் விற்கும் 1100 விஏ பெட்டிகள் பல 660 வாட்தான் தரும். மின்சாரம் போன நொடியில் நீங்கள் ஆட்டத்தில் இருந்தால் அது கணினியையும் சேர்த்து அணைத்துவிடும். 1000 வாட் தரக்கூடிய, சுத்தமான சைன் அலை யூபிஎஸ் தேவை. வீட்டு இன்வெர்ட்டர் பழைய சதுர அலை வகை என்றால் இந்தக் கணினியை அதில் ஓட்டவே வேண்டாம்.

கடைசியாக, எர்த். கணினி ஓடும்போது கேபினெட்டின் உலோகத்தைப் புறங்கையால் தடவினால் எறும்பு ஊர்வதுபோல் மெல்லிய அதிர்வு தெரிகிறதா? அப்படியென்றால் உங்கள் சாக்கெட்டில் எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே இரைச்சலை வடிக்கும் மின்தேக்கிகள் வழியாக வரும் சிறு மின்னோட்டம் போக வழியில்லாமல் உலோகத்தில் நிற்கிறது. பழைய கணினியிலேயே இன்று சோதித்துவிடுங்கள். தெரிந்தால், பாகங்கள் வருவதற்கு முன் எலக்ட்ரீஷியனை அழையுங்கள்.

மாடியறை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. புறங்கையால் தடவிப் பார்த்தேன், அதிர்வு தெரிகிறது. இத்தனை ஆண்டுகளாகக் கணினியில் "அப்படித்தான் இருக்கும்" என்று நினைத்திருந்தேன். நாளை எலக்ட்ரீஷியன் வருகிறார். லூப் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன். 5090 வாங்கி 80 விழுக்காட்டில் ஓட்டுவதாகவும், 1000 வாட் எஸ்எம்பிஎஸ் எடுப்பதாகவும் முடிவு. மாடிப் பூச்சுக்கு வீட்டு உரிமையாளரிடம் பேச வேண்டும். செயலிக்கு 360 மில்லிமீட்டர் ஏஐஓ (நிரப்பி மூடியே விற்கப்படும் தண்ணீர்க் குளிர்விப்பான்) நல்லதா, பெரிய காற்றுக் குளிர்விப்பான் போதுமா? நான்கு ரேம் போடுவதில் தவறு உண்டா?

வெப்பக்கணக்கு:

செம்புக்குழாய் ஐயாவின் மின்வரம்பு வாதத்தை ஏற்கிறேன்; ஃப்ளைட் சிமுலேட்டருக்கு 16 ஜிபி நெருக்கடி என்பதை நான் கணக்கில் கொள்ளவில்லை.

9800எக்ஸ்3டிக்கு இரண்டு கோபுரக் காற்றுக் குளிர்விப்பான் தாராளம். முந்தைய 7800எக்ஸ்3டியில் கூடுதல் கேஷ் நினைவகம் கருக்களின் மேல் போர்வைபோல் கிடந்தது; இதில் அதைக் கருக்களுக்கு அடியில் கொண்டுபோனதால் வெப்பம் எளிதாக மேலேறுகிறது, உச்ச வரம்பும் 89இலிருந்து 95 டிகிரிக்கு உயர்ந்துள்ளது. நாக்டுவா என்எச்-டி15 ஜி2 போன்றவை 168 மில்லிமீட்டர் உயரம். கேபினெட் அதற்கு இடம் தருகிறதா என்று பாருங்கள். முன்புறம் வலை வைத்த கேபினெட்டாக இருக்கட்டும். கண்ணாடி முகப்பு வேண்டாம். ஏஐஓ தான் பிடிக்கும் என்றால் ரேடியேட்டரைக் கூரையில் வெளியேற்றும்படி பூட்டுங்கள். முன்னால் வைத்தால் கார்டு மூச்சிழுக்கும் காற்று முன்கூட்டியே சூடாகிவிடும். பம்பு மட்டும் எந்நிலையிலும் லூப்பின் உச்சியில் இருக்கக் கூடாது, காற்றுக்குமிழ் அங்கேதான் சேரும்.

எதைப் பூட்டினாலும், செயலியைத் தொடும் செம்புப் பரப்பில் ஒளிபுகும் மெல்லிய தாள் ஒன்று ஒட்டியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நண்பர் ஒருவரின் கணினி தொடங்கிய ஒரு நிமிடத்தில் 95 டிகிரியைத் தொட்டது. கழற்றியபோது அந்தத் தாள் பசையோடு அப்படியே இருந்தது.

நான்கு ரேம் வேண்டாம். இந்தச் செயலிக்கு ஏஎம்டி சொல்லும் வேகம் இரண்டு ரேமுக்கு 5600, நான்குக்கு 3600. 32 ஜிபி வீதம் இரண்டாக, டிடிஆர்5-6000 சிஎல்30, எக்ஸ்போ (ரேமை அந்த 6000 வேகத்துக்கு உயர்த்தும் அமைப்பு) வசதியுடன் வாங்குங்கள். சிபியூவிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது இடங்களில் செருகுங்கள். முதல்முறை மின்சாரம் கொடுக்கும்போது திரை கறுப்பாகவே இருந்து, மதர்போர்டில் டிராம் என்ற சிறு விளக்கு மட்டும் எரியும். ரேமைப் பழக்கிக்கொள்ளும் வேலை அது, பல நிமிடங்கள் ஆகலாம். பயந்து பட்டனை அழுத்தி அணைக்காதீர்கள். கால் மணி நேரம் பொறுங்கள். திரை வந்ததும் முதல் வேலையாக மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்துவிட்டு, எக்ஸ்போவை அதற்குப் பிறகு இயக்குங்கள்.

எலக்ட்ரீஷியன் வந்து போனபின் புறங்கைச் சோதனையை மறுபடி செய்து இங்கே எழுதுங்கள்.

மாடியறை:

எர்த் ஒயர் சுவிட்ச் பலகை வரை வந்து, சாக்கெட்டில் மட்டும் இணைக்கப்படாமல் பலகைக்குப் பின்னால் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. இணைத்தாகிவிட்டது, இப்போது அதிர்வு இல்லை. கேபினெட்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் சனிக்கிழமை வருகின்றன.