வீட்டை விட்டே இறங்காத பூனைக்கு வருடா வருடம் ஊசி தேவையா?

செங்காங் மீனா:
எல்லாருக்கும் வணக்கம். எங்கள் கருப்பனுக்கு எட்டு வயது, கருத்தடை செய்த ஆண் பூனை. சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி) வீடு, சன்னல்களுக்கும் வாசல் கேட்டுக்கும் வலை போட்டாயிற்று, மருத்துவரிடம் போவதைத் தவிர அவன் கீழே இறங்குவதே இல்லை. குட்டியாக இருந்தபோது போட வேண்டிய ஊசிகளை ஒழுங்காகப் போட்டோம், அதன் பிறகு பூஸ்டரும் போட்டிருக்கிறது. இப்போது கிளினிக்கிலிருந்து செய்தி வந்திருக்கிறது: வருடாந்தர எஃப்3 ஊசிக்கு (மூன்று நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி) நேரமாகிவிட்டதாம், கூடவே லுகேமியா ஊசியும் கிளமிடியா ஊசியும் போட்டுக்கொள்வது நல்லதாம்.

எனக்கு ஊசியைப் பற்றிப் பயம் இல்லை, அங்கே போய் வருவதுதான் பெரும்பாடு. எம்ஆர்டி ரயிலிலும் பேருந்திலும் ஏற்ற முடியாது, டாக்சிதான். 2024 செப்டம்பரில் வீவக வீட்டில் பூனை வளர்க்க அனுமதி வந்த பிறகு, உரிமத்துக்காக மைக்ரோசிப் போடக் கூட்டிப்போனோம். வழி முழுக்க வாயைத் திறந்து மூச்சு வாங்கினான், எச்சில் வடிந்து கழுத்து வரை நனைந்துவிட்டது, மேசையில் இறக்கியதும் அந்த எஃகுத் தகட்டில் நான்கு பாதமும் ஈரமாகப் பதிந்தது. வீட்டுக்கு வந்து கட்டிலுக்கு அடியில் புகுந்தவன் மறுநாள் சாயங்காலம் வரை சாப்பிடவில்லை. இதையெல்லாம் அவன் மறுபடி அனுபவிக்கிற அளவுக்கு இந்த ஊசிகளால் பலன் இருக்கிறதா? நீங்கள் எல்லாம் எப்படி முடிவு செய்கிறீர்கள்?

அங் மோ கியோ ரவி:
லுகேமியா ஊசி வேண்டாம் என்றுதான் சொல்வேன். பூனைகளுக்கு லுகேமியாவை உண்டாக்கும் வைரஸ் பெரும்பாலும் எச்சில் வழியாகப் பரவுவது, ஒன்றையொன்று நக்கிக்கொள்ளும், ஒரே தட்டில் சாப்பிடும், கடித்துக்கொள்ளும் பூனைகளுக்குத்தான் ஆபத்து. எட்டு வயது, வீட்டில் ஒற்றைப் பூனை, வெளியே போவதில்லை என்றால் அவனுக்கு அது எங்கிருந்து வரப்போகிறது? குட்டிகளுக்கும் வெளியே திரியும் பூனைகளுக்கும் போடுங்கள், அது வேறு கதை. கிளமிடியாவும் அப்படித்தான், பல பூனைகள் சேர்ந்திருக்கும் இடத்தில் பரவும் கண் நோய்.

ஈசூன் கலா:
நான் கால்நடை கிளினிக்கில் உதவியாளர், மருத்துவர் அல்ல. தினம் பார்க்கிறதை வைத்துச் சொல்கிறேன். ரவி சொன்னது சரி, ஆனால் மீனா அக்கா, எஃப்3-ஐ அந்த இரண்டோடு ஒன்றாகச் சேர்த்துப் பார்க்காதீர்கள். அது தடுப்பது குடலைத் தாக்கும் பேன்லுகோபீனியா, சளி போல மூக்கையும் கண்ணையும் தாக்கும் ஹெர்பிஸ், கேலிசி. இந்த மூன்றுக்குமான ஊசி எல்லாப் பூனைக்கும் அடிப்படை. அதற்காக வருடா வருடம் போட வேண்டும் என்பதில்லை. உலகச் சிறு விலங்கு கால்நடை மருத்துவச் சங்கத்தின் 2024 வழிகாட்டியே, குட்டிப் பருவ ஊசிகளை முடித்த, ஆபத்து குறைந்த பூனைக்கு மூன்று வருடத்துக்கு ஒரு முறைக்கு மேல் தேவையில்லை என்கிறது. பேன்லுகோபீனியாவுக்கு எதிரான பாதுகாப்பு பல வருடம் நிற்கும். ஹெர்பிஸுக்கும் கேலிசிக்கும் அந்த அளவு உறுதி இல்லை, அவற்றில் ஊசி நோயின் கடுமையைக் குறைக்கும், தொற்றையே தடுத்துவிடாது. கடைசி ஊசி எந்தத் தேதியில், எந்தத் தயாரிப்பு என்று பதிவேட்டைப் பார்த்துவிட்டு, "இவனுக்கு மூன்று வருட இடைவெளி ஒத்துவருமா" என்று மருத்துவரிடம் நேராகவே கேளுங்கள். தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

இன்னொன்று. ஹெர்பிஸ் ஒருமுறை வந்தால் உடம்பிலேயே தங்கிவிடும், மன அழுத்தம் வந்தால் மறுபடி தலைதூக்கும். பயணம் முடிந்து ஒரு வாரம் போல் கழித்துத் தும்மல், கண்ணில் நீர் என்று வந்தால் இதுவாகவும் இருக்கலாம். ஆகவே அவன் படும் பாட்டை நீங்கள் கணக்கில் எடுப்பது முற்றிலும் நியாயம்.

ஆனால் தயவுசெய்து ஊசி வேண்டாம் என்பதோடு பரிசோதனையையும் சேர்த்துத் தள்ளிவிடாதீர்கள், எனக்கு உண்மையான கவலை அதுதான். எட்டு வயதுக்கு மேல் சிறுநீரகம், தைராய்டு, பல் என்று ஒவ்வொன்றாக ஆரம்பிக்கும், பூனை கடைசி வரை வலியைக் காட்டாது. ஊசி இல்லாத வருடத்திலும் எடை பார்த்து, வாயைத் திறந்து பார்த்து, தேவைப்பட்டால் ரத்தம் எடுக்க வேண்டும்.

பயத்துக்கு வழி இருக்கிறது. கபபென்டின் என்று ஒரு மருந்து, கிளம்புவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு வீட்டிலேயே கொடுப்பது. அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும், சிறுநீரகக் கோளாறு இருந்தால் குறைப்பார்கள். மனிதர்களுக்கான மருந்தை வாங்கி நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள். அவனைத் தூக்கிப்போகும் கேரியரை அலமாரிக்குள் வைக்காமல் வரவேற்பறை மூலையில் திறந்தபடி விடுங்கள், அவனுடைய பழைய துணியைப் போட்டு, அதற்குள்ளேயே தின்பண்டம் வையுங்கள். மேல்பாகம் கழற்றக்கூடிய பிளாஸ்டிக் கேரியர் என்றால் இன்னும் நல்லது, அடிப்பாகத்தில் உட்கார்ந்தபடியே மருத்துவர் பார்த்துவிடுவார், இழுத்து வெளியே போட வேண்டியதில்லை. போகும்போது மேலே துண்டு போட்டு மூடுங்கள்.

தெம்பனிஸ் நூர்ஜஹான்:
"வெளியே போவதில்லை" என்பதை மட்டும் வைத்து எஃப்3-ஐத் தள்ளிப்போடலாம் என்று இதைப் படிக்கும் யாரும் நினைத்துவிட வேண்டாம். நான் எங்கள் புளோக்கில் பூனைகளுக்குச் சாப்பாடு வைக்கிறவள். பேன்லுகோபீனியா வந்த குட்டிகளைப் பார்த்திருக்கிறேன், தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கும், குடிக்காது. பிழைத்தது மிகக் குறைவு. அந்த வைரஸ் உடம்புக்கு வெளியே ஒரு வருடம் வரைகூட உயிரோடு இருக்கும், சாதாரண சோப்புக்குச் சாகாது, ப்ளீச் வேண்டும். பூனை கீழே இறங்காவிட்டாலும் நம் செருப்பு இறங்கத்தானே செய்கிறது? நான் செருப்பை வாசலுக்கு வெளியிலேயே விட்டு, கை கழுவி, உடை மாற்றிய பிறகுதான் என் பூனைகளிடம் போவேன். மூன்று வருட இடைவெளி சரி, ஆனால் அந்த மூன்றாவது வருடம் நழுவிவிடக் கூடாது.

செங்காங் மீனா:
நன்றி, நன்றி. நூர்ஜஹான் அக்கா சொன்னது உறைக்கிறது, என் மாமியாரும் கீழே பூனைகளுக்குச் சோறு வைப்பவர். இன்னும் இரண்டு சந்தேகம். ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று பார்க்க டைட்டர் என்று ஒரு சோதனை உண்டாமே, அதைச் செய்தால் ஊசியைத் தவிர்க்கலாமா? அப்புறம், பொங்கலுக்குக் குடும்பத்தோடு சென்னை போகிறோம், பூனை விடுதியில் வருடாந்தர ஊசிச் சான்று கேட்கிறார்கள்.

ஈசூன் கலா:
டைட்டர் பேன்லுகோபீனியாவுக்கு நம்பகமானது, மற்ற இரண்டுக்கும் அவ்வளவு பயன்படாது. அதற்கும் ரத்தம் எடுக்க வேண்டும், அதற்காகத் தனியாகக் கூட்டிப்போனால் கருப்பனுக்கு ஒன்றும் மிச்சமாகாது. எப்படியும் வருடாந்தர ரத்தப் பரிசோதனை இருக்கிறது என்றால் அதோடு சேர்த்துக் கேளுங்கள்.

விடுதி என்றால் நான் மேலே சொன்ன கணக்கு மாறிவிடும். பல பூனைகளோடு ஒரே காற்றில் இருக்கப் போகிறான், அப்போது ஹெர்பிஸ், கேலிசிக்கு வருடாந்தர ஊசி நியாயமானதுதான், விடுதிக்குப் போவதற்குச் சற்று முன்பு போடுவது நல்லது. ஆனால் இவ்வளவு பயப்படுகிறவனை விடுதியில் விடுவதைவிட, தெரிந்தவர் யாராவது தினமும் இரண்டு வேளை வீட்டுக்கு வந்து பார்த்துக்கொண்டால் அவனுக்கு எவ்வளவோ நல்லது. பணம் கொடுத்தால் வந்து பார்த்துக்கொள்கிறவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். வீட்டுக்கே வரும் கால்நடை மருத்துவர்களும் இங்கே உண்டு, ஊசிக்கும் பரிசோதனைக்கும் அது போதும், எக்ஸ்ரே மாதிரி என்றால்தான் கிளினிக்.

ஊசி போட்டால் ஓரிரு நாள் சோர்வாக இருப்பான், அது பரவாயில்லை. முகம் வீங்கினாலோ, விடாமல் வாந்தி எடுத்தாலோ, மூச்சுத் திணறினாலோ உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். போட்ட இடத்தில் கட்டி மூன்று மாதத்துக்கு மேல் இருந்தாலும், இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டினாலும், ஒரு மாதத்துக்குப் பிறகும் வளர்ந்துகொண்டே இருந்தாலும் காட்ட வேண்டும். மிக அரிதாக அந்த இடத்தில் புற்றுநோய் வருவது உண்டு, அதனால்தான் இப்போது பலர் காலின் கீழ்ப்பகுதியில் ஊசி போடுகிறார்கள். தேவையில்லாத ஊசியைத் தவிர்க்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

செங்காங் மீனா:
சரி. லுகேமியாவும் கிளமிடியாவும் வேண்டாம் என்று கிளினிக்குக்குச் சொல்லிவிடுகிறேன், எஃப்3 தேதியைப் பதிவேட்டில் பார்த்துக் கேட்கிறேன். பொங்கலுக்கு எதிர் வீட்டு அக்கா வந்து பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வரும் மருத்துவர் யாரையாவது வடகிழக்குப் பக்கம் தெரிந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள்.